பார்சல் வேலை என்று சேர்ந்த அக்கா மகன் இன்று வங்கி அட்டை மோசடி விசாரணையில்: விவரம் தெரிந்தவர்கள் வழிகாட்டுங்கள்

ஈசூன் சித்தி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் அக்கா மகன் தஞ்சாவூரிலிருந்து மாணவர் அட்டையில் (படிப்பதற்கான அனுமதியில்) சிங்கப்பூருக்கு வந்து, இங்கே ஒரு தனியார் கல்வி நிலையத்தில் பட்டயப்படிப்பு படிக்கிறான். ஈசூனில் உள்ள எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில்தான் தங்கியிருக்கிறான். டெலிகிராமில் வந்த விளம்பரத்தைப் பார்த்து அவன் "பார்சல் சரிபார்ப்பு உதவியாளர்" என்னும் வேலையில் சேர்ந்திருந்தான் என்பதே, விசாரணைக்கு வரும்படி காவல்துறையிடமிருந்து அழைப்பு வந்த பிறகுதான் எனக்கும் என் கணவருக்கும் தெரியவந்தது. அன்றிலிருந்து வீட்டில் யாருக்கும் சரியான தூக்கமில்லை. நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

ஐரோப்பிய முகவரி போட்ட ஓர் இணையத்தளம், கையொப்பமிட ஓர் ஒப்பந்தம், மேற்பார்வையாளர் என்று சொல்லிக்கொண்டு நாள்தோறும் செய்தி அனுப்பிய ஒரு பெண், இவ்வளவுதான் அந்த நிறுவனம். சேரும்போதே கடப்பிதழின் படம், மாணவர் அட்டையின் இரு பக்கங்கள், வங்கிக் கணக்கு எண் என எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்கள். அதன் பிறகு எங்கள் முகவரிக்குப் பார்சல்கள் வரத் தொடங்கின. கதவு எண் எங்களுடையது, பெறுநர் பெயர் மட்டும் ஒவ்வொன்றிலும் வேறு. பெட்டியைப் பிரித்து, உள்ளே இருக்கும் கைப்பேசி அல்லது கைக்கடிகாரத்தின் வரிசை எண்ணைப் படமெடுத்து அனுப்பி, கடையின் விலைச்சீட்டை எடுத்துவிட்டு, எழுத்தில்லாத பழுப்பு அட்டைப் பெட்டியில் மறுபடியும் கட்டி, மின்னஞ்சலில் வரும் முகவரிச் சீட்டை ஒட்டி வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும் என்பதுதான் வேலை. சுங்க அறிவிப்புப் படிவத்தில் "பயன்படுத்திய உடைகள், 20 வெள்ளி" என்று எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அவனும் எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறான்.

சம்பளம் என்று அவன் கணக்கில் 2,400 வெள்ளி வந்திருக்கிறது. அனுப்பியது நிறுவனமல்ல, யாரோ ஒரு தனிமனிதர். கூடுதலாக வந்துவிட்டது என்று சொல்லி, அதில் 1,800 வெள்ளியை வேறொரு எண்ணுக்குப் பேநவ் என்னும் உடனடிப் பணப் பரிமாற்றச் சேவை வழியாக அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினான். அடுத்த வாரமே அவன் கணக்கு முடக்கப்பட்டுவிட்டது.

அனுப்பாமல் எஞ்சிய இரண்டு பெட்டிகள் எங்கள் வீட்டுப் பாதுகாப்பறையில், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் இன்னும் இருக்கின்றன. அவற்றைக் கடைக்காரருக்கே திருப்பி அனுப்பிவிடலாமா? "எனக்கு எதுவும் தெரியாது" என்று அவன் சொன்னால் போதுமா? உறவினர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். விசாரணைக்கு இன்னும் சில நாள்களே இருக்கின்றன.

அட்டைப் பிரிவு ஊழியர் எழுதியது:

சகோதரி, முதலில் அந்த இரண்டு பெட்டிகளையும் இருக்கும் இடத்திலேயே விட்டுவிடுங்கள். திறக்கவும் வேண்டாம், யாருக்கும் அனுப்பவும் வேண்டாம்.

நான் ஒரு வங்கியில், அட்டை வைத்திருப்பவர்கள் "இந்தப் பொருளை நான் வாங்கவில்லை" என்று கொடுக்கும் புகார்களைக் கவனிக்கும் பிரிவில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். உங்கள் வீட்டுக்கு வந்த கைப்பேசிகளுக்கான பணம், யாரோ ஒருவருடைய கடன்பற்று அட்டையிலிருந்து அவருக்குத் தெரியாமல் போயிருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்த அட்டை விவரம் திருடப்படுவதும் பல நேரங்களில் ஒரு பார்சலின் பெயரால்தான். "உங்கள் பார்சலின் முகவரி முழுமையாக இல்லை, மறுபடியும் கொண்டுவர 50 காசு செலுத்துங்கள்" என்று ஒரு குறுஞ்செய்தி வரும். இணைப்பைத் தட்டினால் அஞ்சல் நிறுவனத்தின் பக்கம் போலவே ஒரு பக்கம் திறக்கும். அதில் அட்டை எண்ணையும் பின்பக்கத்து மூன்று இலக்கங்களையும் கொடுத்து, கைப்பேசிக்கு வரும் ஒருமுறை மறைச்சொல்லையும் (ஓடிபி) பதிவு செய்பவர், 50 காசுக்கு ஒப்புதல் தருவதாக நினைத்துக்கொண்டிருப்பார். உண்மையில் அந்த மறைச்சொல், அவருடைய அட்டையை மோசடிக்காரனின் கைப்பேசியில் உள்ள ஆப்பிள் பே அல்லது கூகல் பேயில் சேர்ப்பதற்கோ பெரிய தொகைக்குப் பொருள் வாங்குவதற்கோ வந்ததாக இருக்கும். குறுஞ்செய்தியையே படிக்காமல் எண்ணை மட்டும் பார்த்துத் தட்டிவிடுகிறவர்கள்தான் அதிகம்.

அட்டை விவரம் கையில் இருந்தால் மட்டும் போதாது, திருடியவன் அதைப் பணமாக்கியாக வேண்டும். விலை உயர்ந்த, எளிதில் மறுவிற்பனை செய்யக்கூடிய பொருளை இணையக் கடையில் வாங்குவது அதற்கு ஒரு வழி. ஆனால் சிங்கப்பூர் அட்டையில் வாங்கிய பொருள் வேறொரு நாட்டுக்குப் போக வேண்டும் என்றால் கடைக்காரர் ஐயப்படுவார். அதே ஊரில் உள்ள ஒரு குடும்பத்தின் முகவரி என்றால் எதுவும் உறுத்தாது. உங்கள் கதவு எண் தேவைப்பட்டது அதற்காகத்தான்.

அட்டைக்காரர் மாதாந்தர அறிக்கையைப் பார்த்துப் புகார் கொடுத்து, நாங்கள் பணத்தைக் கடையின் வங்கியிடமிருந்து திரும்பக் கேட்பதற்குள் வாரங்கள் ஓடிவிடும். விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் இத்தகைய புகாருக்குப் பொதுவாக 120 நாள் வரை அவகாசம் உண்டு. விசாரணை தொடங்கும்போது இணையத்தளம் மறைந்திருக்கும், மேற்பார்வையாளரின் கணக்கு அழிக்கப்பட்டிருக்கும். அந்தச் சங்கிலியில் உண்மையான பெயரும் உண்மையான முகவரியும் உள்ள ஒரே மனிதன் உங்கள் அக்கா மகன்தான்.

அமெரிக்காவில் இத்தகைய மறு அனுப்பல் கும்பல்களின் பதிவுகளை ஆராய்ந்து 2015இல் ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வேலைக்குச் சேர்த்தவரை ஏறத்தாழ ஒரு மாதம் பயன்படுத்திக்கொண்டு, முதல் சம்பளம் கொடுக்க வேண்டிய நாள் வரும்போது தொடர்பை அறுத்துவிடுவது அந்தக் கும்பல்களின் வழக்கம் என்று அதில் காட்டியிருந்தார்கள். அப்படியிருக்க உங்கள் பையனுக்கு மட்டும் "சம்பளம்" வந்தது ஏன் என்பதுதான் எனக்குக் கவலை தருகிறது. அவன் சிங்பாஸ் (அரசாங்க மின்னடையாளக் கணக்கு) விவரத்தை யாரிடமாவது கொடுத்தானா என்று தயவுசெய்து கேட்டுச் சொல்லுங்கள்.

உட்லண்ட்ஸ் அண்ணன் எழுதியது:

தங்கச்சி, நான் சொல்வது பலருக்குப் பிடிக்காமல் போகலாம், ஆனாலும் நல்லெண்ணத்தோடு சொல்கிறேன். பிள்ளைக்கு வயது சிறிது, இந்த ஊர்ச் சட்டம் கடுமையானது. அந்த உரையாடல்களையெல்லாம் அழித்துவிட்டு, பெட்டிகளைக் குப்பையில் போட்டுவிட்டு, கடப்பிதழ் கையில் இருக்கும்போதே திருச்சி விமானத்தில் ஏற்றிவிடுங்கள். அவன் படிப்பு அங்கேயும் தொடரலாம். வழக்கு என்று வந்துவிட்டால் அவனுடைய எதிர்காலம் என்னாவது என்று யோசியுங்கள்.

ஓய்வுபெற்ற மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

உட்லண்ட்ஸ் அண்ணன் பாசத்தில் சொல்கிறார் என்பது புரிகிறது. ஆனால் அவர் சொன்ன மூன்றில் எதைச் செய்தாலும், இன்று ஏமாற்றப்பட்டவனாக நிற்கும் பிள்ளை நாளை குற்றவாளியாக நிற்பான். விசாரணை நடப்பது தெரிந்தே ஆதாரத்தை அழிப்பது, தண்டனைச் சட்டத் தொகுப்பின் 204ஏ பிரிவின்படி நீதியின் போக்கைத் தடுக்கும் குற்றம். அதற்கு 7 ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. அதைச் செய்யச் சொன்ன பெரியவர்களும் மாட்டிக்கொள்வார்கள். விமான நிலையத்தில் நிறுத்தப்பட்டால், அதன் பிறகு அவன் சொல்லும் எதையும் யாரும் நம்பத் தேவையில்லை.

அந்த உரையாடல்கள்தாம் அவனுக்குள்ள ஒரே சாட்சி என்பதை நீங்கள் எல்லாரும் முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். அவன் எப்படி அணுகப்பட்டான், என்ன கேட்டான், அவர்கள் என்ன பதில் சொல்லி நம்பவைத்தார்கள் என்பதை நாள், நேரத்தோடு காட்டக்கூடியது உலகத்தில் வேறு எதுவும் இல்லை. அவனுக்குப் பாதகமான வரிகளும் அதில் இருக்கும். இருக்கட்டும். பாதகமானதை மட்டும் எடுத்துவிட்ட உரையாடலைப் பார்க்கும் அதிகாரிக்கு, எடுத்துவிட்ட செய்கைதான் முதலில் கண்ணில் படும்.

நான் நீதிமன்றங்களிலும் விசாரணை அறைகளிலும் தமிழர்களுக்காக மொழிபெயர்த்தவன் என்பதால் இன்னும் சிலவற்றைச் சொல்ல வேண்டும். வாக்குமூலம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 22ஆம் பிரிவின்கீழ் எழுதப்படும். ஆங்கிலம் புரியாதவருக்கு அதை அவருக்குப் புரியும் மொழியில் படித்துக்காட்ட வேண்டும் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. கல்லூரியில் ஆங்கிலத்தில் படிக்கிறேன் என்று பெருமைக்காக ஆங்கிலத்தில் பேச வேண்டாம், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று தொடக்கத்திலேயே பணிவாகக் கேட்கட்டும். படித்துக்காட்டியபின் ஏதாவது தவறாக எழுதப்பட்டிருந்தால் கையொப்பமிடுவதற்கு முன் திருத்தச் சொல்லலாம். உண்மையைச் சொல்ல வேண்டியது கடமை. அதே வேளையில், தன்மீதே குற்றச்சாட்டு வரக்கூடிய ஒன்றைச் சொல்லாமலிருக்கவும் அதே பிரிவு இடம் தருகிறது. அந்த உரிமையை எங்கே பயன்படுத்துவது, எங்கே பயன்படுத்தாமலிருப்பது என்பதை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டு முடிவெடுங்கள். வசதி குறைந்தவர்களுக்காக வாதாடும் அரசாங்கத் தற்காப்பு வழக்கறிஞர் அலுவலகம் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே உதவும் என்பதால், மாணவர் அட்டைக்காரனான அவனுக்கு நீங்கள் தனியாகத்தான் ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கும். செலவைப் பார்க்காதீர்கள்.

நான் அடிக்கடி கண்டு வருந்திய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். விசாரணைக்கு முந்தின சில நாள்களில் வீட்டார் எல்லாரும் சேர்ந்து பிள்ளைக்கு மோசடி எப்படி நடந்தது என்று விளக்கிவிடுவார்கள். அவன் அந்த அறிவை முழுவதும் ஏற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்து, அப்போது தனக்குத் தெரியாததையெல்லாம் தெரிந்திருந்தது போலச் சொல்லிவிடுவான். "அவை திருட்டுப் பொருள்கள், அவர்கள் பொய்ப் பெயரில் அனுப்பினார்கள்" என்பான். எப்போது தெரிந்தது என்று அதிகாரி கேட்டால் தடுமாறுவான். ஒவ்வொரு கட்டத்திலும் அன்றைக்கு அவனுக்கு என்ன தெரிந்திருந்தது, எதைப் பார்த்து நம்பினான் என்பதை மட்டும், கைப்பேசியைப் பார்த்துத் தேதிவாரியாக அவனே ஒரு தாளில் எழுதிக்கொள்ளட்டும். நீங்கள் வாசகம் அமைத்துக் கொடுக்காதீர்கள்.

சிராங்கூன் கடைக்காரர் எழுதியது:

இந்த இழையில் பொருளை இழந்தவரின் பக்கத்திலிருந்தும் ஒருவர் பேச வேண்டும் என்பதால் எழுதுகிறேன். நான் சிராங்கூன் சாலைப் பக்கம் கைப்பேசிக் கடை நடத்துகிறேன், இணையத்திலும் விற்கிறேன். சென்ற ஆண்டு புதிய கைப்பேசிகளை ஒருவர் ஒன்றன்பின் ஒன்றாக வாங்கினார். பணம் வந்தது, நாங்களும் அனுப்பினோம். பிறகு எல்லாமே திருட்டு அட்டை என்று சொல்லிப் பணத்தை என் கணக்கிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டார்கள். பொருளும் போயிற்று, பணமும் போயிற்று, அதற்கு மேல் ஒவ்வொரு புகாருக்கும் கட்டணம் வேறு. ஒருமுறை மறைச்சொல் போன்ற கூடுதல் சரிபார்ப்போடு நடந்த விற்பனையாக இருந்தால் இழப்பு அட்டை கொடுத்த வங்கியைச் சேரும், அது இல்லாத விற்பனை என்பதால் என் தலையில் விழுந்தது என்று விளக்கம் சொன்னார்கள். இரண்டு ஊழியர்களை வைத்து நடத்தும் கடைக்கு அது எத்தனை மாத இலாபம் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

பொருள் போய்ச் சேர்ந்த முகவரி செங்காங்கில் இருந்தது. போய்க் கதவைத் தட்டினேன். மூட்டுவலியோடு நடந்து வந்து கதவைத் திறந்தவர் ஒரு வயதான அம்மா. இணையத்தில் பழகிய நண்பர் ஒருவருக்காகப் பார்சல்களை வாங்கி அனுப்பிவைத்ததாகச் சொன்னார். என் கடையின் முத்திரை நாடா ஒட்டிய வெற்றுப் பெட்டியில் அவர் வெங்காயம் போட்டு வைத்திருந்தார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அவர் முகவரி கொடுத்திராவிட்டால் என் பொருள் போயிருக்காது என்பதும் உண்மை.

ஆகவே "தெரியாமல் செய்தவரை ஏன் சட்டம் பிடிக்கிறது" என்று யாராவது இங்கே கேட்டால் என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. ஒருவன் 1,200 வெள்ளிக் கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு "பயன்படுத்திய உடைகள்" என்று கைப்பட எழுதுகிறான் என்றால், அந்த நொடியில் அவனுக்கு ஒரு கேள்வி எழுந்திருக்க வேண்டும். சகோதரி, உங்கள் மனத்தைப் புண்படுத்த எழுதவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன்: அந்தப் பையன் எடுத்தனுப்பிய வரிசை எண் படங்கள் இன்னும் அவனிடம் இருக்கின்றனவா? நான் விற்ற ஒவ்வொரு கைப்பேசியின் எண்ணும் என்னிடம் இருக்கிறது. என்னைப் போன்ற கடைக்காரர்கள் எல்லாரிடமும் இருக்கும்.

பொங்கோல் ஆசிரியை எழுதியது:

கடைக்காரர் ஐயாவின் இழப்பு பெரிது, அவர் சொல்வதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் அந்தக் கேள்வி எழுந்த பிறகும் பிள்ளைகள் ஏன் வாய் திறப்பதில்லை என்பதையும் பார்க்க வேண்டும். தனியார் கல்வி நிலையங்களில் மாணவர் அட்டையில் படிப்போர், விடுமுறையிலும்கூட, பகுதிநேர வேலை பார்க்க அனுமதி இல்லை. மீறினால் 20,000 வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை. நான் கற்பிக்கும் மாணவர்களுக்கு இது தெரியும். தெரிந்துதான் "வீட்டிலிருந்தே வேலை, அனுமதி தேவையில்லை" என்னும் விளம்பரத்தில் விழுகிறார்கள். ஊரில் நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டிய பெற்றோருக்கு மாதம் கொஞ்சமாவது அனுப்பலாம் என்ற எண்ணம் இருக்கும். பிறகு ஏதோ சரியில்லை என்று மனத்தில் பட்டாலும், வேலை பார்த்ததே தவறு என்பதால் சித்தியிடமோ ஆசிரியரிடமோ காவல்துறையிடமோ சொல்லப் பயப்படுகிறார்கள். கும்பல் அந்தப் பயத்தை நன்றாக அறிந்தே மாணவர்களைத் தேடுகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

2024இல் மட்டும் சிங்கப்பூரில் 51,501 மோசடிச் சம்பவங்கள் பதிவாயின, இழப்பு குறைந்தது 110 கோடி வெள்ளி என்று காவல்துறை வெளியிட்டது. அதில் பணம் இழந்தவர்களைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு, நடுவில் கருவியாக்கப்பட்ட பிள்ளைகளைப் பற்றி நம் சமூகத்தில் பேசுவதில்லை. சகோதரி, அவனுடைய வகுப்பில் வேறு யாராவது அதே விளம்பரத்துக்குப் பதில் எழுதியிருக்கிறார்களா என்று விசாரியுங்கள். இத்தகைய ஆள்சேர்ப்பு ஒருவனோடு நிற்பது அரிது.

ஈசூன் சித்தி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. கடைக்காரர் ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்து வருந்தினேன், கோபம் வரவில்லை. படங்கள் எல்லாம் அவன் கைப்பேசியில் இருக்கின்றன.

சிங்பாஸ் பற்றிக் கேட்டீர்கள். சம்பளம் வந்த பிறகு, அவன் பெயரில் இன்னொரு வங்கிக் கணக்கைத் திறக்க வேண்டும், அதற்கு சிங்பாஸ் விவரத்தைக் கொடு என்று அந்தப் பெண் கேட்டிருக்கிறாள். அவன் "சித்தியிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்" என்று எழுதியிருக்கிறான். அதோடு அவள் அந்தப் பேச்சை விட்டுவிட்டாள். என்னிடம் அவன் கேட்கவே இல்லை. தொடக்கத்தில், ஏன் ஒவ்வொரு பெட்டியிலும் வேறு பெயர் என்றும் கேட்டிருக்கிறான். வாடிக்கையாளர்களின் பெயர்கள் என்று பதில் சொல்லி, முத்திரையிட்ட ஒரு கடிதத்தையும் அனுப்பியிருக்கிறார்கள். அவனுக்கு ஐயம் இருந்தது என்பதற்கு இதுவே ஆதாரமாகிவிடும், இந்த இரண்டு இடங்களையும் அழித்துவிடலாம் என்று என் கணவரின் அண்ணன் சொல்கிறார். மொழிபெயர்ப்பாளர் ஐயா என்ன நினைக்கிறீர்கள்?

ஓய்வுபெற்ற மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அழிக்கவே கூடாது அம்மா. முதல் கேள்வியை அவன் கேட்டான், அவர்கள் போலிக் கடிதம் காட்டி ஏமாற்றினார்கள் என்பது அவனுக்குச் சாதகமாகவும் நிற்கும். சிங்பாஸைக் கேட்டபோது கொடுக்கவில்லை என்பது அதைவிடப் பெரியது. ஐயம் வந்தபின் ஏன் நிறுத்தவில்லை என்று கேட்பார்கள்தான். பயந்தேன் என்றால் பயந்தேன் என்றே சொல்லட்டும்.

அட்டைப் பிரிவு ஊழியர் எழுதியது:

சிங்பாஸைக் கொடுக்காதது பெரிய நிம்மதி. கொடுத்திருந்தால் அதுவே தனிக் குற்றம்: 10,000 வெள்ளி வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை.

இப்போது அந்த 2,400 வெள்ளிக்கு வருகிறேன், ஏனென்றால் இந்த விவகாரத்தில் பார்சலைவிட ஆபத்தானது அதுதான். அந்தப் பணம் அனேகமாக வேறொரு மோசடியில் ஏமாந்த ஒருவர், தான் ஏமாறுவது தெரியாமல் அனுப்பியதாக இருக்கும். உங்கள் பையனின் கணக்கு அதைக் கைமாற்றிவிடும் இடமாகப் பயன்பட்டிருக்கிறது. பார்சலுக்கு மட்டும் பயன்படுத்தப்பட்டிருந்தால் வழக்கம்போல் சம்பளமே கொடுக்காமல் கைவிட்டிருப்பார்கள். சம்பளம் கொடுத்ததே கணக்கைப் பயன்படுத்துவதற்குத்தான், அடுத்த படியாகத்தான் இன்னொரு கணக்குத் திறக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

"தெரியாது" என்று சொன்னால் போதுமா என்று முதலில் கேட்டிருந்தீர்கள். குற்றச்செயல் மூலம் கிடைத்த பணத்தைக் கைமாற்றுவது தொடர்பான சட்டம் 2023இல் திருத்தப்பட்டு, 2024 பிப்ரவரி 8 முதல் நடப்பில் உள்ளது. முன்பு, பணம் குற்றத்திலிருந்து வந்தது அதைக் கைமாற்றியவருக்குத் தெரியும் அல்லது அப்படி நம்ப நியாயமான காரணம் இருந்தது என்று நிறுவ வேண்டியிருந்தது. இப்போது, ஓரளவு ஐயம் தோன்றியும் மேலே போயிருந்தால் அது ஒரு குற்றம், அதற்கு 5 ஆண்டு வரை சிறை, 250,000 வெள்ளி வரை அபராதம். சாதாரண மனிதர் எவரும் கவனித்திருக்கக்கூடிய அறிகுறிகளைக் கவனிக்காமல் விட்டிருந்தால் அதுவும் குற்றம், அதற்கு 3 ஆண்டு வரை சிறை, 150,000 வெள்ளி வரை அபராதம். 2025 நவம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தத்தின்படி, மோசடிக்காரர்களுக்குக் குறைந்தது 6 பிரம்படி கட்டாயம், அவர்களுக்குத் துணைபோனவர்களுக்கு நீதிபதியின் முடிவுப்படி 12 பிரம்படி வரை விதிக்கலாம். மோசடிக்காரர்களுக்கான அந்தக் கட்டாய 6 பிரம்படியைத் தவிர மற்றவையெல்லாம் உச்ச வரம்புகள், ஒவ்வொருவருக்கும் இது விதிக்கப்படும் என்று பொருளல்ல. அச்சுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. "தெரியாது" என்ற ஒரு சொல்லோடு போய் உட்காரக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். என்ன தெரியாது, ஏன் தெரியவில்லை, தெரிந்தவுடன் என்ன செய்தான் என்பதையெல்லாம் கேட்பார்கள்.

அவனிடம் எஞ்சிய 600 வெள்ளிக்கு ஈடாக வேறு பணத்திலிருந்து ஒரு காசைக்கூட யாருக்கும் திருப்பித் தர வேண்டாம். "தவறாக வந்த பணம், எனக்கு அனுப்பிவிடு" என்று இன்னொருவர் தொடர்புகொண்டாலும் அதை அதிகாரியிடம் காட்டுங்கள். வேறு ஏதாவது ஐயமிருந்தால் 1799 என்ற எண்ணில் ஸ்கேம்ஷீல்டு என்னும் மோசடித் தடுப்பு உதவித் தொலைபேசிச் சேவை இருக்கிறது.

வேன் ஓட்டுநர் எழுதியது:

நான் வடக்குப் பகுதியில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். இன்னும் பார்சல் வரக்கூடும், அக்கா. கும்பல் தொடர்பை விட்டாலும், முன்பே வாங்கிய பொருள்கள் வழியில் இருக்கும். ஓட்டுநர் கதவைத் தட்டும்போது, இந்தப் பெயரில் இங்கே யாருமில்லை, வாங்க மாட்டோம் என்று சொல்லுங்கள். நாங்கள் மறுக்கப்பட்டது என்று பதிவு செய்து திருப்பிக் கொண்டுபோய்விடுவோம். யாருமில்லாத நேரத்தில் வாசலில் வைத்துப் படமெடுத்துவிட்டுப் போயிருந்தால், உள்ளே எடுத்து வைக்காமல் சீட்டைப் படமெடுத்து, பின்தொடர் எண்ணை விசாரணை அதிகாரிக்குச் சொல்லுங்கள்.

ஒரு கதவு எண்ணுக்கு வாரத்தில் பல பெயர்களில் பெட்டி வருவது எங்களுக்குப் புதிதல்ல. வாடகைக்கு அறை விடும் வீடுகளில் அப்படித்தான் இருக்கும். ஆனால் எல்லாமே கைப்பேசி அளவுப் பெட்டி, எல்லாவற்றையும் ஒருவரே புளோக்குக்குக் கீழே வந்து காத்திருந்து வாங்கிக்கொள்கிறார் என்றால் நான் மேற்பார்வையாளரிடம் சொல்லிவிடுவேன். ஒரு நாளைக்கு நூற்றுக்கு மேல் பார்சல் வைத்துக்கொண்டு ஓடும்போது பல ஓட்டுநர்களுக்கு அதைக் கவனிக்க நேரமில்லை என்பதும் உண்மைதான்.

ஈசூன் சித்தி எழுதியது:

விசாரணைக்குப் போய்வந்தோம். வழக்கறிஞர் ஒருவரை முன்கூட்டியே பார்த்தோம், அவரும் இங்கே எழுதியவற்றை ஒட்டியே சொன்னார். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டதும் ஏற்பாடு செய்துகொடுத்தார்கள். அவன் உள்ளே இருந்த நேரமெல்லாம் நாங்கள் வெளியே உட்கார்ந்திருந்தோம். தேதிவாரியாக எழுதிய தாள் கையில் இருந்தது உதவியது என்று வந்து சொன்னான். ஓரிடத்தில், பணத்தை அனுப்பிய நாளை ஒரு வாரம் முன்னதாக எழுதியிருந்தார்களாம். படித்துக்காட்டியபோது கவனித்துத் திருத்தச் சொன்னானாம், திருத்தி, அந்த இடத்தில் கையொப்பம் வாங்கிக்கொண்டார்களாம்.

இரண்டு பெட்டிகளையும் ஒப்படைத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கியிருக்கிறோம். கைப்பேசியையும் மடிக்கணினியையும் வைத்துக்கொண்டார்கள். கடப்பிதழும் அவர்களிடம் இருக்கிறது. விசாரணை முடியும்வரை அவன் ஊருக்குப் போக முடியாது. முடிவு என்ன என்பது இன்னும் தெரியாது, குற்றம் சாட்டப்படலாம் என்றே வழக்கறிஞர் சொல்கிறார். வேலை அனுமதி இல்லாமல் வேலை பார்த்தது தனியாக விசாரிக்கப்படும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். அக்காவிடம் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

ஆசிரியை அம்மா கேட்டது சரியாக இருந்தது. அவன் வகுப்பில் இன்னொரு மாணவனும் அதே விளம்பரத்துக்குப் பதில் எழுதி, ஒப்பந்தம் வரை போயிருக்கிறான், பார்சல் இன்னும் வரவில்லை. அவனும் தன் உறவினரை அழைத்துக்கொண்டு அக்கம்பக்கக் காவல் நிலையத்துக்குப் போய்ப் புகார் கொடுத்துவிட்டான்.

ஓட்டுநர் தம்பி சொன்னது போலவே நேற்று ஒரு பெட்டி வந்தது. வாங்க மறுத்துவிட்டேன், பின்தொடர் எண்ணை அதிகாரிக்கு அனுப்பியிருக்கிறேன். கடைக்காரர் ஐயா, வரிசை எண் படங்கள் முழுவதையும் அதிகாரி தனியாகக் கேட்டு எடுத்துக்கொண்டார், கடைகள் கொடுத்த புகார்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பதாகச் சொன்னார். நீங்கள் கொடுத்த புகாரின் எண் இருந்தால் எனக்குத் தனிச் செய்தியில் அனுப்புங்கள், அதையும் அவரிடம் சேர்த்துவிடுகிறேன்.